ஜே.பி. ஜெயரத்னம் தோற்றது ஓட்டிலா, வழக்கிலா?

கேள்வி கேட்ட நண்பர் எழுதியிருப்பது இவ்வளவுதான்: “சிங்கப்பூர் எதிர்க்கட்சித் தலைவர் ஜே.பி. ஜெயரத்னம் பெரிய வக்கீல் என்கிறார்கள். அப்படியானால் தன் மேல் போட்ட வழக்குகளில் ஏன் வரிசையாகத் தோற்றார்? முப்பது வருஷத்துக்கு மேல் அரசியல் செய்து பிடித்தது ஒரே ஒரு தொகுதி. வீண்தானே?” அவர் கேட்க வருவது வக்கீலின் திறமையைப் பற்றி இல்லை என்று நினைக்கிறேன். அந்த மனிதரை மக்கள் ஒதுக்கினார்களா, அல்லது சட்டம் ஒதுக்கியதா என்பதுதான் உள்ளே இருக்கும் கேள்வி. அதற்குப் பதில் சொல்லிவிட்டால் “வீண்தானே” என்பதற்கும் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

நான் மதுரையில் சிவில் பக்கம் தொழில் செய்பவன். மானநஷ்ட வழக்குகளும் சில தேர்தல் மனுக்களும் நடத்தியிருக்கிறேன். சிங்கப்பூரில் வாழ்ந்தவன் இல்லை. அங்கத்திய தேர்தல் சூட்டை நேரில் பார்த்தவனும் இல்லை. ஜெயரத்னம் சம்பந்தப்பட்ட தீர்ப்புகளை ஒரு வக்கீலின் ஆர்வத்தில் படித்தவன். ஆகவே காகிதத்தில் இருப்பதை உறுதியாகச் சொல்வேன். அதற்கு வெளியே போகும்போது இது என் கணிப்பு என்று சொல்லிவிட்டுத்தான் போவேன்.

முதலில் ஆள் யார் என்பது. ஜோசுவா பெஞ்சமின் ஜெயரத்னம் 1926 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் பிறந்தார். குடும்பம் மலாயாவில் இருந்தது, பெற்றோர் விடுப்பில் ஊர் வந்திருந்த சமயம். வளர்ந்தது ஜொகூரில். ஆங்கிலிக்கன் கிறிஸ்தவர். லண்டனில் சட்டம் படித்து, 1951ல் கிரேஸ் இன்னில் பாரிஸ்டர் ஆனார். மறு வருஷம் சிங்கப்பூர் சட்டச் சேவையில் சேர்ந்து மாஜிஸ்திரேட், அரசுத் தரப்பு வழக்கறிஞர், மாவட்ட நீதிபதி, உச்ச நீதிமன்றப் பதிவாளர் என்று மேலே போனவர், 1963ல் அதை விட்டுவிட்டுத் தனியாகத் தொழில் தொடங்கினார். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. அவர் வெளியிலிருந்து நீதிமன்றத்தைப் பார்த்தவர் அல்ல, அதன் உள்ளே பத்து வருஷம் உட்கார்ந்தவர். பிற்காலத்தில் அடிமேல் அடி விழுந்தபோதும் மேல்முறையீட்டில் நியாயம் கிடைக்கும் என்று அவர் போய்க்கொண்டே இருந்ததற்கு இந்தப் பத்து வருஷப் பழக்கம் ஒரு காரணம் என்பது என் ஊகம்.

1971ல் பாட்டாளிக் கட்சியின் தலைமைச் செயலாளர் பொறுப்பை ஏற்றார். 1957ல் டேவிட் மார்ஷல் என்ற இன்னொரு வக்கீல் தொடங்கிய கட்சி அது. ஜெயரத்னம் கைக்கு வந்தபோது பெயரளவில்தான் இருந்தது. 1968 தேர்தலை அன்றைய முக்கிய எதிர்க்கட்சியான பாரிசான் சோஷலிஸ் புறக்கணித்த பிறகு நாடாளுமன்றத்தின் 58 இடமும் ஆளுங்கட்சியான மக்கள் செயல் கட்சியிடம். 1972, 1976, 1980 என்று அடுத்தடுத்த பொதுத்தேர்தல்களிலும் அதே கதை, ஒரு இடம் கூட வெளியே போகவில்லை. இந்தச் சூழலில் அவர் 1972ல் ஃபேரர் பார்க், 1976ல் கம்போங் சாய் சீ, 1977ல் ராடின் மாஸ் இடைத்தேர்தல், 1979ல் தெலுக் பிளாங்கா இடைத்தேர்தல், 1980ல் மறுபடி தெலுக் பிளாங்கா என்று ஐந்து முறை நின்று ஐந்து முறையும் தோற்றார். ஆனால் வெறும் தோல்விப் பட்டியலாக இதைப் படிக்கக் கூடாது. தெலுக் பிளாங்காவில் 1979ல் 39 சதவீதத்தை ஒட்டி வாங்கியவர், 1980ல் 47 சதவீதத்தைத் தொட்டுவிட்டார். கதவு திறக்கப் போகிறது என்பது அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

திறந்தது ஆன்சனில். அந்தத் தொகுதி உறுப்பினர் தேவன் நாயர் நாட்டின் அதிபரானதால் 1981 அக்டோபர் 31 அன்று இடைத்தேர்தல் நடந்தது. ஜெயரத்னத்துக்கு 7,012 ஓட்டு, ஆளுங்கட்சியின் பாங் கிம் ஹின்னுக்கு 6,359. முந்தின வருஷம் தேவன் நாயர் 80 சதவீதத்துக்கு மேல் வாங்கி ஜெயித்த இடம் அது. துறைமுகத் தொழிலாளர்கள் குடியிருந்த பிளேர் பிளெயின் அடுக்ககங்களைக் காலி செய்யச் சொன்னது, பஸ் கட்டணம் ஏறியது, ஆளுங்கட்சி வேட்பாளர் மக்களோடு ஒட்டாதது என்று காரணங்கள் சொல்லப்படுகின்றன. ஜெயித்தது ஜெயரத்னமா அல்லது தோற்றது ஆளுங்கட்சியா என்று கேட்டால், 1981 அளவில் இரண்டாவதுதான் அதிகம் என்பேன். ஆனால் 1984 பொதுத்தேர்தலில் அதே ஆன்சனில் ஏறக்குறைய 57 சதவீதம் வாங்கி மறுபடி ஜெயித்தார். முதல் முறை கோபத்தில் விழுந்த ஓட்டு என்று வைத்துக்கொண்டாலும், மூன்று வருஷம் அவரை நாடாளுமன்றத்தில் பார்த்த பிறகு விழுந்த இந்த ஓட்டை அப்படித் தள்ளிவிட முடியாது.

ஆக, நண்பரின் கேள்விக்கு முதல் பதில்: ஒரே உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் தொகுதியில் கடைசியாக மக்கள் முன் நின்றபோது அவர் தோற்கவில்லை. 1984க்குப் பிறகு அப்படி ஒரு தொகுதியில் அவர் மறுபடி நிற்கவே இல்லை; முதலில் தடுத்தது சட்டம்.

காரணமான வழக்கு சின்ன வழக்கு. எங்கள் ஊர் முன்சீப் கோர்ட்டில் ஒரு மத்தியான வேளையில் முடிந்துவிடக்கூடிய அளவுதான். 1972 தேர்தல் பேச்சு ஒன்றுக்காக ஆளுங்கட்சிக்காரர் ஒருவர் மேல் பாட்டாளிக் கட்சி அவதூறு வழக்கு போட்டுத் தோற்றது. எதிர்த்தரப்பின் செலவுத்தொகையைக் கட்ட வேண்டிய நிலை. அந்தச் சமயத்தில் கட்சிக்கு நன்கொடையாக வந்த மூன்று காசோலைகள், எல்லாம் சேர்த்தாலும் மூவாயிரம் வெள்ளியை (சிங்கப்பூர் டாலரை) தொடாது. அவை கட்சிக் கணக்குக்குப் போகாமல் வேறு வழியில் போயின. பணம் வர வேண்டிய எதிர்த்தரப்பின் கைக்குச் சிக்காமல் மறைக்கத்தான் இப்படிச் செய்தார்கள், கட்சிக் கணக்கைப் பற்றிப் பொய்யாக உறுதிமொழி கொடுத்தார்கள் என்று ஜெயரத்னம் மேலும் கட்சித் தலைவர் வோங் ஹோங் டோய் மேலும் குற்றச்சாட்டு. 1984 ஜனவரியில் மாவட்ட நீதிபதி மைக்கேல் கூ பெரும்பாலான குற்றச்சாட்டுகளிலிருந்து விடுவித்து, ஒன்றில் மட்டும் அபராதம் போட்டார். அரசுத் தரப்பு மேல்முறையீடு போனது, மறுவிசாரணைக்கு உத்தரவானது, 1985ல் மூன்று மாதச் சிறை. 1986 நவம்பரில் மேல்முறையீட்டில் அது ஒரு மாதச் சிறையும் 5,000 வெள்ளி அபராதமும் ஆகக் குறைந்தது.

தண்டனை குறைந்ததே என்று தோன்றும். இங்கேதான் தொழில்காரன் கண்ணுக்குப் படும் விஷயம் இருக்கிறது. சிங்கப்பூர் அரசமைப்புச் சட்டத்தின் 45வது பிரிவின்படி அப்போது ஓராண்டுச் சிறையோ 2,000 வெள்ளி அபராதமோ விழுந்தாலே நாடாளுமன்றப் பதவி போய்விடும், ஐந்து வருஷம் தேர்தலில் நிற்கவும் முடியாது. நம்மூரில் பொதுவான குற்றங்களுக்கு இரண்டு வருஷச் சிறை விழுந்தால்தான் தகுதியிழப்பு. அங்கே அப்போது 2,000 வெள்ளி அபராதமே போதுமாக இருந்தது. சிறை நாட்களை எண்ணி ஆறுதல்பட்டவர்கள் அபராதத் தொகையைப் பார்த்திருந்தால் ஆறுதல்பட்டிருக்க மாட்டார்கள். ஒரே தீர்ப்பில் ஆன்சன் கையை விட்டுப் போயிற்று. மறு வருஷம் அதே தண்டனையைக் காரணம் காட்டி அவர் பெயரை வழக்கறிஞர் பட்டியலிலிருந்தும் நீக்கினார்கள்.

அடுத்தது இன்னும் விசித்திரம். மாவட்ட நீதிமன்றத்தில் தொடங்கும் குற்ற வழக்கு அங்கே அப்போது உயர் நீதிமன்றத்தோடு முடிந்துவிடும். அன்று சிங்கப்பூருக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சிலுக்குப் போக வழி இல்லை. மறுவிசாரணையை உயர் நீதிமன்றத்திலேயே நடத்துங்கள் என்று அவர் கேட்டது அதனால்தான், கிடைக்கவில்லை. ஆனால் வக்கீல் பட்டியலிலிருந்து நீக்கியதை எதிர்த்து பிரிவி கவுன்சிலுக்குப் போகலாம். போனார். நீக்கம் சரியா என்று பார்க்க வேண்டுமானால் அடிப்படையான தண்டனை சரியா என்று பார்த்துத்தானே ஆகவேண்டும்? 1988 அக்டோபரில் வந்த தீர்ப்பு அவரை மீண்டும் வக்கீலாக்கியது மட்டுமல்ல. செய்யாத குற்றத்துக்காக இரண்டு பேரும் அபராதமும் சிறையும் ஊரறிந்த அவமானமும் அனுபவித்திருக்கிறார்கள், இது கொடிய அநீதி என்றே எழுதியது. ஆனால் தண்டனையை ரத்து செய்யும் அதிகாரம் அந்த மேல்முறையீட்டில் அதற்கு இல்லை. அதிபரிடம் மன்னிப்பு கேட்டுப் பாருங்கள் என்று சொல்ல மட்டுமே முடிந்தது. அரசின் ஆலோசனைப்படி நடக்கும் அதிபர் மறுத்துவிட்டார். நிரபராதி என்று உயர்ந்த நீதிமன்றம் எழுதிய பிறகும் தேர்தல் தடை அப்படியே நின்றது. இத்தனை வருஷத் தொழிலில் இப்படி ஒரு நிலைமையை நான் வேறெங்கும் படித்ததில்லை.

தடை 1991 நவம்பரில் முடிய வேண்டும். பொதுத்தேர்தல் ஆகஸ்ட் 31ல் வந்துவிட்டது. ஜெயரத்னமும் நிற்கும்படி இடைத்தேர்தல் வைப்பேன் என்று புதுப் பிரதமர் கோ சோக் டோங் சொல்லியிருந்தார். 1992 டிசம்பரில் தன் மரீன் பரேட் குழுத்தொகுதியிலேயே வைத்தார். இதைச் சொல்லாமல் விட்டால் கதை ஒருதலைப்பட்சமாகிவிடும். குழுத்தொகுதி என்றால் நான்கு பேர் சேர்ந்து மனுப்போட வேண்டும். பாட்டாளிக் கட்சி அணியில் ஒருவர் மனுத்தாக்கல் அன்று வரவே இல்லை. அந்த வாய்ப்பு போனதற்கு அரசைக் குறை சொல்ல இடமில்லை.

இனி மானநஷ்ட வழக்குகள். இவற்றையும் காசோலை வழக்கையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசுகிறவர்களோடு நான் உடன்படுவதில்லை. 1976 தேர்தல் கூட்டத்தில், பிரதமர் பதவியை வைத்துத் தன் குடும்பத்துக்கு ஆதாயம் தேடினார் என்ற பொருள் தொனிக்கப் பேசியதாக அப்போதைய பிரதமர் லீ குவான் யூ வழக்குப் போட்டார். 1,30,000 வெள்ளி நஷ்டஈடு. இதிலும் ஜெயரத்னம் பிரிவி கவுன்சில் வரை போனார், 1982ல் தள்ளுபடி. ஆறு வருஷம் கழித்து அவருக்காக அவ்வளவு கடுமையாக எழுதிய அதே மன்றம்தான். 1988 தேர்தலில் மறுபடியும் அதே கதை. ஊழல் விசாரணையில் இருந்தபோது தற்கொலை செய்துகொண்ட அமைச்சர் தே சியாங் வான் விவகாரம் பற்றி மேடையில் கேள்விகளாகவே அடுக்கினார். கேள்வியாகக் கேட்டால் தப்பிக்கலாம் என்பது எங்கள் தொழிலில் ஜூனியர்கள்கூட நம்பும் ஒரு தவறு. வாக்கியம் கேள்விக்குறியில் முடிந்தாலும் கேட்கிறவன் மனசில் என்ன அர்த்தம் தங்குகிறது என்றுதான் நீதிமன்றம் பார்க்கும். 1990ல் 2,60,000 வெள்ளி. ஆங்கிலேயப் பொதுச்சட்டத்தின் பழைய அளவுகோலை வைத்துப் பார்த்தால் இந்த இரண்டு தீர்ப்புகளும் ஆச்சரியமானவை அல்ல. அரசியல்வாதி கூடுதலாகப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்ற வாதத்தை அங்கே ஏற்கவில்லை, அவ்வளவுதான்.

1997 வழக்குதான் எனக்கு உறுத்துகிறது. செங் சான் குழுத்தொகுதிப் பிரசாரத்தின் கடைசிக் கூட்டத்தில், சக வேட்பாளர் டாங் லியாங் ஹோங் பிரதமர் மீதும் அவர் ஆட்கள் மீதும் கொடுத்த இரண்டு போலீஸ் புகார்களை என்னிடம் இப்போதுதான் தந்தார் என்று அறிவித்தார். ஒரு வாக்கியம். அதற்குப் பிரதமர் உட்படப் பலர் வழக்குப் போட்டார்கள். கோ சோக் டோங் வழக்கில் லண்டன் வக்கீல் ஜார்ஜ் கார்மன் ஜெயரத்னத்துக்காக வாதாடினார். விசாரணை நீதிபதி 20,000 வெள்ளி என்று தீர்ப்பளித்தார். 1998ல் மேல்முறையீட்டில் அது 1,00,000 ஆனது. புகார் கொடுக்கப்பட்டது உண்மை. அதைச் சொன்னதற்கு இத்தனை தொகை என்பது அதிகம் என்று நான் நினைக்கிறேன். இல்லை என்று வாதிட ஆள் உண்டு என்பதும் தெரியும்.

நம் வாசகர்கள் பலருக்குத் தெரியாத ஒன்று: அவரைக் கடைசியில் சாய்த்தது ஒரு தமிழ்க் கட்டுரை. கட்சிப் பத்திரிகையில் 1995ல் தமிழ் மொழி வாரத்தை நடத்தியவர்களைத் தாக்கி ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் வேறொருவர், பத்திரிகைக்கு ஆசிரியர் ஜெயரத்னம். இந்திய வம்சாவளி ஆளுங்கட்சி உறுப்பினர்களும் விழாக் குழுவினரும் தனித்தனியே வழக்குப் போட்டார்கள். விழாக் குழுவினர் வழக்கில் மட்டும் 2,65,000 வெள்ளி. செங் சானில் 45 சதவீதம் வாங்கித் தோற்று, அதிக ஓட்டு வாங்கித் தோற்ற அணிக்குத் தரப்படும் ‘தொகுதியில்லா உறுப்பினர்’ என்ற வகையில் 1997ல் திரும்ப நாடாளுமன்றம் வந்தவர், தவணை கட்டத் தாமதமானதில் 2001 ஜனவரியில் திவாலானவராக அறிவிக்கப்பட்டார். அந்த ஜூலையில் மேல்முறையீடும் போய், உறுப்பினர் பதவி போனது. திவாலானவர் வக்கீல் தொழிலும் செய்ய முடியாது. சம்பாதித்துக் கடன் அடைக்க இருந்த ஒரே வழியும் கடனாலேயே அடைபட்டது.

இங்கே நம்மூர் நிலவரத்தைச் சொன்னால்தான் வித்தியாசம் புரியும். தமிழ்நாட்டில் அரசியல்வாதிகள் ஒருவர் மேல் ஒருவர் போடுவது பெரும்பாலும் கிரிமினல் அவதூறு, முன்பு 499, 500 பிரிவுகள், இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356. வாய்தா வாங்கி வாங்கி, ஆட்சி மாறினால் வாபஸ் ஆகி, அல்லது ஒரு வருத்தம் தெரிவித்து முடியும். சிங்கப்பூரில் அது பணத் தீர்ப்பு, சீக்கிரம் வரும், செலவுத்தொகையோடு வரும், கட்டாவிட்டால் திவால், திவால் என்றால் தொகுதியும் தொழிலும் போகும். ஒரு சங்கிலி மாதிரி ஒவ்வொரு கண்ணியும் அடுத்ததை இழுக்கும். தனித்தனியே எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு விதிக்கும் ஒரு நியாயம் சொல்லலாம். எல்லாம் சேர்ந்து ஒரே ஆளின் மேல் விழுந்தபோது என்ன ஆகும் என்பதற்கு உலகத்தில் இதைவிடத் தெளிவான உதாரணம் குறைவு.

திட்டமிட்டே செய்தார்களா? இதை உறுதியாகச் சொல்ல எந்த ஆவணமும் இடம் தரவில்லை. அவரை விடுவித்த மாவட்ட நீதிபதி பிறகு அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு மாற்றப்பட்டார் என்பது உண்மை. அதில் அரசின் தலையீடு உண்டு என்று ஜெயரத்னம் நாடாளுமன்றத்தில் குற்றம்சாட்டினார். 1986ல் நீதிபதி சின்னத்துரை தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. தலையீடு இல்லை என்றது. பிரிவி கவுன்சிலும் சதி என்று எங்கும் சொல்லவில்லை, இருவரும் குற்றவாளிகள் அல்ல என்றுதான் சொன்னது. அதேபோல, ஆன்சனுக்குப் பிறகுதான் 1984ல் தொகுதியில்லா உறுப்பினர் முறை, 1988ல் குழுத்தொகுதி முறை, 1989ல் பிரிவி கவுன்சிலுக்கான வழி குறுகல், 1994ல் முழு அடைப்பு எல்லாம் வந்தன. காலவரிசை உறுதி. காரணம் என்று அரசு சொன்னது வேறு: சிறுபான்மையினருக்குப் பிரதிநிதித்துவம், சொந்த நாட்டு நீதித்துறை. ஜெயரத்னத்துக்காகவே இவ்வளவும் என்று சொல்கிறவர்கள் ஊகத்தில் பேசுகிறார்கள். அவருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பவர்களும் ஊகத்தில்தான் பேசுகிறார்கள்.

அவர் பக்கக் குறைகளையும் விடக் கூடாது. கட்சியைத் தன் குரலாக வைத்திருந்தாரே தவிர, அமைப்பாகக் கட்டியது அவர் அல்ல. 1991ல் ஹௌகாங்கை ஜெயித்த லோ தியா கியாங்தான் 2001ல் தலைமைக்கு வந்து அந்த வேலையைச் செய்தார். மேடையில் கவனமாகப் பேசினார், வழக்குக்கு இடம் வைக்கவில்லை, தொகுதியை விடாமல் பிடித்துக்கொண்டார். 2011ல் அல்ஜுனிட் குழுத்தொகுதியைப் பிடித்தது அந்தப் பாட்டாளிக் கட்சிதான். எதிர்க்கட்சி ஒரு குழுத்தொகுதியை ஜெயித்தது அதுவே முதல் முறை. அந்த வெற்றியில் ஜெயரத்னத்துக்குப் பங்கு உண்டா என்றால், உண்டு, ஆனால் இரண்டு விதமாக: எதிர்க்கட்சி ஜெயிக்க முடியும் என்று 1981ல் காட்டியது ஒன்று, எப்படிப் பேசினால் அழிந்துபோவோம் என்று அடுத்தவர்கள் அவரைப் பார்த்துக் கற்றுக்கொண்டது இன்னொன்று. இரண்டாவது கொஞ்சம் கசப்பான பங்களிப்பு. ஆகவே “வீண்” என்ற சொல்லை நான் ஏற்கவில்லை. ஆனால் அவரைத் தியாகியாக மட்டும் வரைந்து மாலை போடுகிறவர்களோடும் சேரமாட்டேன்.

கடைசிக் காலம் பற்றிச் சுருக்கமாக. 2001ல் பாட்டாளிக் கட்சியை விட்டு விலகினார். தான் எழுதிய புத்தகங்களைத் தானே தெருவில் நின்று விற்றார். பதிவாளராக இருந்த மனிதர். சுமார் 2,33,000 வெள்ளி கட்டி 2007 மே மாதம் திவாலிலிருந்து வெளிவந்தார், அந்த செப்டம்பரில் மறுபடி வக்கீல் கோட்டு போட்டார். அப்போது வயது 81. 2008ல் சீர்திருத்தக் கட்சி என்று புதிதாக ஒன்றைப் பதிவு செய்தார். அடுத்த தேர்தலுக்கு அவர் இருக்கவில்லை. 2008 செப்டம்பர் 30ல் இதயம் செயலிழந்து காலமானார். மூத்த மகன் கென்னத் அந்தக் கட்சியை எடுத்து நடத்தினார். இளைய மகன் பிலிப் 2021ல் சிங்கப்பூர் உயர் நீதிமன்ற நீதிபதி ஆனார்.

மேலே போய்ப் படிக்க நினைத்தால் இரண்டு தரப்பும் எழுதியதில் தொடங்காதீர்கள் என்பது என் யோசனை. 1988 பிரிவி கவுன்சில் தீர்ப்பையும், அதற்கு எதிர்ப்பக்கத்தில் 1990 மானநஷ்டத் தீர்ப்பையும் முதலில் படியுங்கள். இரண்டும் ஒரு நாளில் முடித்துவிடக்கூடியவை. ஒன்றை மட்டும் படித்தவர்களிடம்தான் இணையத்தில் நான் அதிகம் சண்டை போட்டிருக்கிறேன்.